வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால் ஏன் வார்த்தை வருவதில்லை?

மரத்தைக் காட்டி 'மரம்' என்று சொல்லிக்கொடுக்கலாம். வலியை அப்படிக் காட்ட முடியாதே! அதனால்தான் "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்பதோடு நின்றுவிடுகிறோம்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் இதற்காகவே 1975இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். வலியைக் குறிக்கும் 78 சொற்கள், 20 தொகுதிகளாக. நோயாளி தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சொல்லைத் தேடிப் பிடிப்பதைவிட, பார்த்ததும் 'இதுதான்' என்பது சுலபம்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா என்ன? குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், 'விண்விண்' என்று தெறிப்பது... எரிச்சலோடு மரத்துப்போகிறது என்றால் நரம்புக் கோளாறோ என்று டாக்டர் யோசிப்பார். அப்புறம், எப்போது கூடுகிறது, எங்கே பரவுகிறது என்பதையும் சொல்லுங்கள். உவமையும் தாராளமாகச் சொல்லலாம். "ஊசி வச்சுக் குத்துற மாதிரி" என்றாலே அவருக்குப் பாதி புரிந்துவிடும்.