பழைய ஃபயர் இன்ஜின் வைத்திருப்பவனிடம் கேட்டவை

நான் இருப்பது பென்சில்வேனியாவில், பக்கத்தில் சோளக்காடு உள்ள சின்ன ஊர். ஷெட்டில் நிற்பது 1951ஆம் வருட அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் கம்பெனி வண்டி, 700 வரிசை, தண்ணீர் பீய்ச்சும் பம்ப் பொருத்திய ரகம். அதன் படத்தைக் காட்டிய நாளிலிருந்து தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேள்வியாக வருகிறது. எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில்.

டொராண்டோவிலிருந்து: அண்ணா, கார் புரியுது, புல்லட் புரியுது. ஃபயர் இன்ஜின் எப்படி? கோடீஸ்வரர் வேலை இல்லையா இது?

இல்லை தம்பி. இங்கே சின்ன ஊர்களில் தீயணைப்பு நிலையத்தை நடத்துவது பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான், நானும் எங்கள் ஊர் நிலையத்தில் பத்து வருடம் ஓடியிருக்கிறேன். ஒரு நிலையம் புது வண்டி வாங்கினால் பழையது அடுத்த சின்ன ஊருக்குப் போகும், அங்கிருந்து ஊர்வல வண்டியாக மாறும், கடைசியில் யாரோ ஒருவரின் களத்துமேட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். என்னுடையதை அப்படித்தான் 4,500 டாலருக்கு எடுத்தேன். பழைய டொயோட்டா அந்த விலைக்கு வராது. ஆனால் அது வாங்கிய விலை மட்டும்தான். 8 டன் வண்டியை நிறுத்த கூரை வேண்டும், பத்தடி உயரக் கதவு வேண்டும், ஷெட் போட்ட செலவு வண்டியைப் போல நாலு மடங்கு. வெளியில் விட்டால் இரண்டு பனிக்காலத்தில் வண்டி போய்விடும். கூரை இல்லாதவர் வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

டாலஸிலிருந்து: ஒரு வண்டி பார்த்திருக்கிறேன், 60 வருடத்தில் 11,000 மைல்தான் ஓடியிருக்கிறது. புதுசு மாதிரிதானே?

எல்லாரும் விழும் குழி இதுதான். இந்த வண்டிகள் நிலையத்திலிருந்து வெளியே வந்து மூன்று மைல் பறக்கும், அப்புறம் ஒரே இடத்தில் நின்று ஆறு மணி நேரம் முழு வேகத்தில் பம்பைச் சுற்றும். மீட்டரில் மூன்று மைல் ஏறும், இன்ஜினோ நானூறு மைல் உழைத்திருக்கும். அதுவும் என்ஜின் சூடாவதற்கு முன்னாலேயே பெடலை அமுக்கிப் பழகிய வண்டி. மைலை மற. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் படுத்துப் பார். 500 கேலன் இரும்புத் தொட்டி உள்ளிருந்து அரித்துச் சொட்டியிருந்தால் கீழே இருக்கும் சட்டமும் அரித்திருக்கும். பம்ப் உறையில் விரிசல் இருக்கிறதா பார், யாரோ ஒரு குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தால் உறைந்து வெடித்திருக்கும், அதை வார்ப்பில் ஒட்டுவது சுலபமில்லை. அப்புறம் உதிரிகள். மணி, சைரன், உறிஞ்சு குழாய், ஏணி, விளக்கு எல்லாம் வண்டியோடு இருக்கிறதா? தனித்தனியாகத் தேடி வாங்கினால் மணியும் சைரனும் சேர்ந்தே வண்டி விலையைத் தாண்டும். ஓடாத முழு வண்டியை வாங்கலாம், ஓடும் மொட்டை வண்டியை வாங்காதே.

கோவையிலிருந்து (லேத் பட்டறை வைத்திருப்பவர்): இருபது வருஷம் நின்ற என்ஜின் ஜாம் ஆகியிருக்குமே சார், எப்படி விடுவித்தீர்கள்?

நீங்கள் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என்னுடையது பெட்ரோல் வி-12, அதாவது பன்னிரண்டு சிலிண்டர். ஆபர்ன் என்ற அமெரிக்கக் காருக்காக லைகமிங் கம்பெனி வடிவமைத்த என்ஜினின் வழி வந்தது. ஓட்டுநர் முன்னால், என்ஜின் அவர் முதுகுக்குப் பின்னால், 1947இல் இந்த வரிசை வந்தபோது அதுதான் புதுமை.

முதலில் பிளக் எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். கலந்ததும் பிரியும், ஊற்றும்போது குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. பத்து நாள் விட்டேன். இடையில் ஆசை தாங்காமல் டிராக்டர் கட்டி இழுக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், இழுத்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். பதினொன்றாம் நாள் நீளக் கம்பியைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினேன், ஒரு மயிரளவு அசைந்தது. அன்றைக்கு அதற்கு மேல் செய்யவில்லை. மூன்று நாளில் ஒரு முழுச் சுற்று வந்தது. அப்புறம்தான் வால்வுகள் ஒட்டியிருந்தது தெரிந்தது, அது தனிக்கதை. எண்ணெயை மாற்றாமல், பெட்ரோல் தொட்டியைக் கழுவாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்றைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் அந்தக் காலத்து ரப்பர் சவ்வை அது தின்றுவிடும், எல்லாவற்றையும் புது ரகத்தில் மாற்றத்தான் வேண்டும்.

ஒன்று கேட்காமலே சொல்கிறேன்: என்ஜினுக்கு முன் பிரேக். அந்தக் காலத்து ஹைட்ராலிக் பிரேக் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை. ஓட வைப்பதற்கு முன்னால் நிற்க வையுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து: டயர் மாற்ற ரோட்டோரக் கடைக்கு எடுத்துப் போகலாமா?

போகாதீர்கள். பல பழைய வண்டிகளின் ரிம் இரண்டு மூன்று துண்டாக இருக்கும், ஒரு வளையம் பூட்டிப் பிடித்திருக்கும். துருப்பிடித்த வளையம் காற்று அடிக்கும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும், கொன்றும் இருக்கிறது. லாரி டயர் வேலை தெரிந்தவர், இரும்புக் கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று காற்றடிக்க வேண்டும். இதில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

தஞ்சாவூரிலிருந்து: கதவில் எழுத்தெல்லாம் தங்க நிறத்தில் மின்னுகிறதே, பெயிண்டா?

தங்கமேதான். 23 காரட் தங்க ரேக்கு. உங்கள் ஊர்ப் படத்தில் சுண்ணாம்பு மேடு கட்டி அதன்மேல் ஒட்டுவார்கள் இல்லையா, இங்கே மேடு கிடையாது. எழுத்தின் வடிவத்துக்கு ஒரு பசை வார்னிஷைத் தடவி, அது காய்ந்தும் காயாமலும் இருக்கும் பதத்துக்குக் காத்திருந்து, விரல் முட்டியை வைத்து எடுத்தால் ‘டிக்’ என்று ஒட்டிப் பிரியும், அந்தப் பதத்தில் ரேக்கைப் படிய வைப்பார்கள். பிறகு வெல்வெட் துணி சுற்றிய பஞ்சுருண்டையை அதன்மேல் வைத்துத் திருகினால் வட்ட வட்டமாகச் சுழல் விழும், வெயிலில் வண்டி நகரும்போது அந்தச் சுழல்கள்தான் அசைவது போல் தெரியும். ஓரத்தில் கறுப்புக் கோடு, மேலே வார்னிஷ். என் கதவு இரண்டுக்கும் ஒரு வயதான போர்டு எழுத்தாளர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார்.

ஆனால் பழைய ரேக்கு கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் கை வைக்காதீர்கள். நான் முதல் வருடம் உற்சாகத்தில் இடது பக்கத்தைச் சுரண்டி, டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, பளபளவென்று அடித்துவிட்டேன். வலது பக்கத்தில் தேய்ந்த பழைய எழுத்து அப்படியே இருந்தது. பார்க்க வருகிற கிழவர்கள் எல்லாரும் வலது பக்கம் போய்த்தான் நிற்கிறார்கள். இன்னொன்று, சுரண்டும்போது மாஸ்க் கட்டாயம்: பழைய பெயிண்டில் ஈயம், பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ். காற்றழுத்தக் குழாயால் பிரேக் தூசியை ஊதவே கூடாது.

ஹூஸ்டனிலிருந்து: 900 மைல் தள்ளி ஒரு வண்டி இருக்கிறது. ஓட்டி வரவா, ஏற்றி வரவா?

ஏற்றி வா. தெரியாத பிரேக், பழைய டயர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டிய கியர், 900 மைல், வேண்டாம்.

ட்ரெய்லரில் ஏற்றுவது தனிக்கலை, இதில்தான் நல்ல வண்டிகள் வீணாகின்றன. முதலில் தொட்டியைக் காலி செய். 500 கேலன் என்றால் சுமார் 1,900 கிலோ, அதிலும் பாதித் தொட்டித் தண்ணீர் முழுத் தொட்டியைவிட மோசம், வளைவில் அலையடித்து ட்ரெய்லரையே இழுக்கும். அப்புறம் உயரம். பல மாநிலங்களில் வரம்பு 13 அடி 6 அங்குலம். ட்ரெய்லர் பலகையின் உயரத்தையும் சேர்த்து, வண்டியின் உச்சியில் இருக்கும் விளக்கு வரை டேப் வைத்து அளக்க வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமில்லை. லோ-பெட், அதாவது பலகை தாழ்ந்த ட்ரெய்லர், கிடைத்தால் நிம்மதி.

கட்டுவது சங்கிலியில், பட்டையில் அல்ல. 10,000 பவுண்டுக்கு மேல் எடை உள்ள வண்டிக்கு முன்னும் பின்னுமாகக் குறைந்தது நாலு கட்டு வேண்டும் என்பது இங்கே சட்டம், கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் வண்டி எடையில் பாதியாவது இருக்க வேண்டும். நான் எட்டு டன்னுக்கு 3/8 அங்குல, 70 கிரேடு சங்கிலி ஆறு போடுவேன், ஒவ்வொன்றின் தாங்குதிறனும் 6,600 பவுண்டு. சங்கிலியை ஆக்ஸிலில், சட்டத்தில் போடு. முன்னால் பளபளக்கும் பம்பரில் போட்டால் பம்பர் மட்டும் ஊர் வந்து சேரும். கிளம்பி முதல் 50 மைலுக்குள் ஒரு தடவை நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்கு, கட்டாயம் தளர்ந்திருக்கும்.

முகம் முன்னால் இருக்கும்படி ஏற்று. நண்பர் ஒருவரின் பழைய மேக் கம்பெனி ஃபயர் இன்ஜினை, வாடகைக்கு வந்த ட்ரெய்லர்காரர் ஒருவர் எடை சமன் ஆகும் என்று பின்பக்கமாக ஏற்றிவிட்டார். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று பானட் இடுக்கில் புகுந்து இரண்டு பக்க மூடியையும் இறக்கை மாதிரி விரித்தது. ஒன்று கிடைத்தது, ஒன்று இன்றைக்கும் ஏதோ ஒரு ஓஹையோ வயலில் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் பின்பக்கமாக ஏற்றினால் பானட், கதவு, இருக்கை எல்லாவற்றையும் கட்டு. எப்படி ஏற்றினாலும் மணியின் நாக்கைத் துணியால் சுற்று, இல்லாவிட்டால் 900 மைலும் கோயில் திருவிழாதான்.

சிங்கப்பூரிலிருந்து: கண்காட்சியில் என்ன செய்வீர்கள்? சும்மா நிறுத்தி வைப்பதா?

இங்கே அதை மஸ்டர் என்பார்கள். 1958இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் தொடங்கிய ஸ்பாம்ஃபா என்ற பழைய ஃபயர் இன்ஜின் பிரியர்கள் சங்கம்தான் இதற்கெல்லாம் தாய்வீடு. காலையில் வரிசையாக நிறுத்துவோம், மதியம் குளத்தோரம் போய் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் தண்ணீர் உறிஞ்சிப் பீய்ச்சும். எனக்கு இந்தப் பொழுதுக்காகத்தான் மற்ற எல்லாமே. நடுவர்கள் வருவார்கள், போல்ட் அந்தக் காலத்துப் போல்ட்தானா என்றுகூடக் குனிந்து பார்ப்பார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை, இடது பக்கம் ஞாபகம் இருக்கிறதல்லவா.

உங்கள் ஊரில் ஹில் ஸ்ட்ரீட் நிலையத்தின் காட்சியகத்தில் மெர்ரிவெதர் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பழைய ஃபயர் இன்ஜின் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

அதே நபர்: குளத்திலிருந்து எப்படி உறிஞ்சும்? அந்த முன்பக்கம் வெள்ளிப் பந்து வைத்த வண்டி எது?

கிணற்று மோட்டாருக்குக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஓட்டுவோமே, அதே பிரச்சினைதான். சுழல் பம்புக்குக் காற்றை இழுக்கத் தெரியாது, அதனால் பிரைமர் என்று ஒரு குட்டி கியர் பம்ப் முதலில் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும், வெளியே இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளும். கணக்குப்படி பத்து மீட்டருக்குச் சற்று மேல் ஏறலாம், நடைமுறையில் ஆறு ஏழு மீட்டரே பெரிது. ஒரு வாஷர் காய்ந்திருந்தால் அதுவும் கிடையாது. முதல் மஸ்டரில் இருநூறு பேர் பார்க்க நான் இருபது நிமிடம் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

பந்து வைத்தது ஆரன்ஸ்-ஃபாக்ஸ், சின்சினாட்டியில் செய்தது. அது பிஸ்டன் பம்ப், தண்ணீர் விட்டு விட்டு வரும். பந்துக்குள் அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிந்து அந்த உதறலைச் சமன்படுத்தும். விலை கேட்காதீர்கள், என் ஷெட்டையும் சேர்த்து விற்றாலும் வராது.

சென்னையிலிருந்து: இங்கே நம்ம ஃபயர் சர்வீஸ் பழைய வண்டியை ஏலத்தில் எடுத்து இப்படிச் செய்ய முடியுமா?

கஷ்டம். 2023 ஏப்ரலிலிருந்து 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு ரத்தாகி, அவை உடைக்கும் கூடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. 2021இல் வந்த வின்டேஜ் பதிவு விதியோ 50 வருடம் தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத இரண்டு, நாலு சக்கர வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பழைய வண்டி எங்காவது தனியாரிடம் கிடைத்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் ஆர்டிஓவில் பேசிவிடு. டெல்லி பக்கம் போனால் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 1914ஆம் வருட ஜான் மாரிஸ் ஃபயர் இன்ஜின் இருக்கிறது, இங்கிலாந்தில் சால்ஃபோர்டில் செய்தது, நிஜாம் ரயில்வேக்கு வந்தது. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் பழைய கார் பேரணியில் அதை ஓட்டியும் இருக்கிறார்கள்.

அட்லாண்டாவிலிருந்து: ரோட்டில் போகும்போது சைரன் அடிப்பீர்களா? பொய் சொல்லாதீர்கள்.

பொது ரோட்டில் சைரன், சிவப்பு விளக்கு இரண்டும் கூடாது, விளக்குக்கு உறை போட்டுத்தான் எடுப்பேன். ஊர்வலத்தில் போலீஸ் முன்னால் போகும்போது அடிக்கலாம். மற்றபடி என் ஷெட் சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது, பக்கத்து வீடு அரை மைல், பையனுக்குப் பிறந்தநாள் ஜூலையில் வரும்.