ஸ்டாட்டிக் ரூட் போட்டும் கடை பிரிண்டர் ஏன் வீட்டு வைஃபையில் தெரியவில்லை?

நீங்கள் கேட்டது இது: முன்னால் கடை, அங்கே ஃபைபர் வந்து இறங்கும் மெயின் ரூட்டரும் பிரிண்டரும். பின்கட்டு வீட்டுக்கு வயர் இழுத்து இன்னொரு ரூட்டர். வீட்டில் இணையம் வருகிறது, ஆனால் கைப்பேசிக்கு பிரிண்டர் தெரியவில்லை, கடையிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க முடியவில்லை, ஸ்டாட்டிக் ரூட்டும் (இந்த நெட்வொர்க்குக்கு இந்த வழி என்று ரூட்டரில் கையால் எழுதி வைப்பது) உதவவில்லை.

அந்த ரூட்டை அழித்துவிடுங்கள். உங்களுக்குத் தேவை ரூட்டிங் (இரண்டு நெட்வொர்க்குக்கு நடுவே வழிகாட்டுவது) இல்லை, இரண்டாவது ரூட்டரில் ரூட்டிங்கை நிறுத்துவது.

எங்கள் மலேசியச் சுங்கை சிப்புட்டில் பழைய கடைவீடுகள் பலவற்றில் இதே கதைதான். நீளமான கட்டடம், நடுவில் செங்கல் சுவர், பின்னால் சிக்னல் செத்துவிடும், உடனே இரண்டாவது ரூட்டர் வாங்கி வயரை அதன் 'இன்டர்நெட்' போர்ட்டில் செருகிவிடுவார்கள். அந்த நிமிடமே வீடு தனி நெட்வொர்க் ஆகிவிடுகிறது: கடை 192.168.0 என்றால் வீடு 192.168.1, நடுவில் நேட் (முகவரியை மாற்றிப் பின்னால் இருப்பவற்றை மறைக்கும் வேலை).

நீங்கள் மெயின் ரூட்டரில் எழுதிய ரூட் (192.168.1.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே, அதாவது போகும் வாசல், வீட்டு ரூட்டரின் 192.168.0.2) எழுத்துப்படி சரிதான். ஆனால் கடையிலிருந்து போகும் அழைப்பு அந்த இன்டர்நெட் போர்ட்டுக்கு வெளியாள் மாதிரிதான் வந்து நிற்கும், வீட்டு ரூட்டரின் ஃபயர்வால் திருப்பி அனுப்பிவிடும். பிரிண்டர் சங்கதி வேறு. கைப்பேசி அதைத் தேடுவது 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே நேரத்தில் பல கருவிகள் கேட்கும் முகவரி) கூவி. அந்தக் கூவல் ரூட்டரைத் தாண்டவே தாண்டாது, எத்தனை ஸ்டாட்டிக் ரூட் போட்டாலும்.

சரி, செய்ய வேண்டியது. இரண்டாவது ரூட்டரில் ஆப்பரேஷன் மோட் என்ற பக்கம் இருந்தால் ஆக்சஸ் பாயிண்ட் (ரூட்டிங் செய்யாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) என்று மாற்றுங்கள், பாதி வேலை முடிந்தது. மாற்றியதும் ரூட்டிங் மெனுவே காணாமல் போகலாம், பயப்பட வேண்டாம். பழைய மாடலில் அந்தப் பக்கம் இல்லையென்றால் வயரைக் கழற்றிவிட்டு, முதலில் அதன் லேன் ஐபியை (உள் நெட்வொர்க்கில் அதன் முகவரி) 192.168.0.2 என்று வையுங்கள் (மெயின் ரூட்டர் கைப்பேசிகளுக்குக் கொடுக்கும் வரிசைக்குள் அந்த எண் வரக்கூடாது, வந்தால் வரிசையை 100இலிருந்து தொடங்க வையுங்கள்), அப்புறம் அதன் டிஹெச்சிபியை (கைப்பேசிகளுக்கு முகவரி எண் கொடுக்கும் வேலை) அணையுங்கள், அதற்குப் பிறகுதான் வயரை லேன் போர்ட்டில் செருக வேண்டும், இன்டர்நெட் போர்ட் காலியாகவே கிடக்கட்டும். டிஹெச்சிபியை மறந்துவிட்டால் ஒரே நிரைக்கு இரண்டு கங்காணி நின்ற கதை: சில கைப்பேசிக்குச் சரியான கேட்வே கிடைக்கும், சிலதுக்கு இரண்டாவது பெட்டியே கேட்வே என்று வந்து 'இணைந்தது, இணையம் இல்லை' என்று காட்டும்.

மெயின் ரூட்டரின் இணைய அமைப்பில் கை வைக்காதீர்கள். யூனிஃபை (இங்குள்ள ஃபைபர் இணையச் சேவை) லைன் என்றால் பிபிபிஓஇ (இணையத்துக்குள் நுழையும் முறை) பயனர் பெயரும் வீலேன் 500 என்ற லைன் எண்ணும் அங்கேதான் இருக்கின்றன, அவை அந்த ஒரு பெட்டிக்கு மட்டும். இரண்டாவதில் அதே பயனர் பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லும் நண்பர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்!

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதுக்கு 11. அதற்குப் பிறகும் கைப்பேசி கடை சிக்னலையே பிடித்துத் தொங்கினால், எப்போது மாறுவது என்பதைக் கைப்பேசிதான் முடிவு செய்கிறது, கடை ரூட்டரின் பவரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

வயர் வெட்டவெளியில் போகிறதா? நம் ஊர் சாயங்கால இடிக்குச் செம்பு வயர் ஆகாது, ஒரு மின்னலில் இரண்டு பெட்டியும் போய்விடும். கூரைக்குள்ளேயே கொண்டு போங்கள்.

கடைக்கு வரும் வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பிரித்து வைப்பதில் அர்த்தம் உண்டு. அதற்கும் ஸ்டாட்டிக் ரூட் வேண்டாம், மெயின் ரூட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்தால் போதும். வீட்டுப் பெட்டியில் திறக்காதீர்கள், ஆக்சஸ் பாயிண்ட் மோடில் பல மலிவு மாடல்கள் விருந்தாளியை உங்கள் கல்லாக் கணினியிலிருந்து ஒழுங்காகப் பிரித்து வைப்பதில்லை.