நட்சத்திர செல்களும் மறதி நோயும்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: மேடம், மூளையில் நியூரானைவிடப் பத்து மடங்கு கிளியா செல்கள் உண்டாமே? ஆஸ்ட்ரோசைட்டும் அதில் சேர்த்தியா?

சேர்த்திதான். நியூரான் என்பது நரம்பு செல், கிளியா அதற்குத் துணை நிற்கும் செல். கிளியாவில் நட்சத்திர வடிவ வகைதான் ஆஸ்ட்ரோசைட். ஆனால் அந்தப் பத்து மடங்குக் கணக்கு பழசு. 2009-இல் பிரேசில் ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹௌசலின் குழு மூளையைக் கரைத்து உட்கருக்களை எண்ணியது. நியூரான்கள் சுமார் 8,600 கோடி. மற்ற செல்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு.

கேள்வி: வயதானால் ஆஸ்ட்ரோசைட்டுகள் செத்துவிடுமா? அப்பாவுக்கு 72. பெயர்கள் சட்டென்று வருவதில்லை.

பெருவாரியாகச் சாவதில்லை, சுபாவம் மாறுகிறது. வயதான எலிகளில் அழற்சி சார்ந்த மரபணுக்கள் இவற்றில் கூடுதலாக வேலை செய்கின்றன. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் இது மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணியைவிட அதிகம். பெயர் கொஞ்சம் தாமதித்து வருவது வயதோடு வருவதுதான். பழகிய தெருவில் வழி தவறினாலோ, பென்ஷன் பணக் கணக்கில் குழம்பினாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்வார்.

கேள்வி: அல்சைமர் மறதி நோயில் இந்த செல் நல்லவனா, வில்லனா?

ஒரே செல் இரண்டு வேடமும் போடும். சாயமேற்றிய மூளைத் துண்டை நுண்ணோக்கியில் பாருங்கள்: அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட்டுகள் வீங்கி, தடித்த கிளைகளை அதன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அமிலாய்டைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும். ஆனால் அதற்குள் அன்றாட வேலை கெட்டுப்போகிறது. நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில் மிஞ்சும் குளூட்டமேட் என்ற சமிக்ஞை வேதிப்பொருளை உறிஞ்சுவது குறைகிறது. இரத்தக்குழாயைத் தழுவும் பாதங்களில் இருக்கவேண்டிய அக்வாபோரின்-4 என்ற நீர்வழிப் புரதம் இடம் மாறிச் சிதறுகிறது. மறதி நோய் ஆபத்தோடு பேசப்படும் அப்போஈ புரதத்தை மூளையில் பெரும்பாலும் தயாரிப்பதும் இவைதான்.

2017-இல் ஸ்டான்ஃபோர்டில் பென் பாரெஸின் ஆய்வகம், மூளையின் நோயெதிர்ப்பு செல்களான மைக்ரோகிளியா அனுப்பும் மூன்று சமிக்ஞைகள் சேர்ந்தால் ஆஸ்ட்ரோசைட் நியூரானைக் கொல்லும் நிலைக்குப் போகும் என்று காட்டியது. அந்த நிலைக்கு ஏ1 என்று பெயர். உடனே எல்லோரும் ஆஸ்ட்ரோசைட்டுகளை ‘ஏ1 கெட்டது, ஏ2 நல்லது’ என்று பிரித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பிரிவினையில் நம்பிக்கை கிடையாது. இடையில் எத்தனையோ நிலைகள் உண்டு. துறையிலேயே பலர் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: இரத்தத்தில் ஜிஎஃப்ஏபி அதிகம் என்றால் அல்சைமர் உறுதியா அக்கா?

இல்லைம்மா. அது ஆஸ்ட்ரோசைட்டுக்கு உள்ளிருந்து வடிவம் தரும் சட்டகப் புரதம். அல்சைமரில் ஆரம்பத்திலேயே ஏறலாம், சரி. ஆனால் தலையில் அடிபட்டாலும் ஏறும். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓர் இரத்தப் பரிசோதனை இதைத் தலைக்காயத்துக்குத்தான் பயன்படுத்துகிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: தூங்கும்போது இவை மூளையைக் கழுவுமாமே?

2013-இல் மைக்கென் நெடர்கார்ட் குழு எலிகளில் அப்படித்தான் கண்டது. 2024-இல் லண்டன் ஆய்வு ஒன்று, தூக்கத்தில் கழிவகற்றல் குறைகிறது என்றது, அதுவும் எலிகளில். சண்டை இன்னும் ஓயவில்லை. தூக்கத்தைக் குறைக்க இதைச் சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்!

கேள்வி: ஆஸ்ட்ரோசைட்டுக்கு ஏதாவது மாத்திரை, லேகியம்?

கிடையாது. அந்தக் காசில் இரத்த அழுத்தத்தையும் காது கேட்கும் திறனையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் மறதி நோய்க்குப் பட்டியலிட்ட 14 ஆபத்துக் காரணிகளில் இரண்டும் இருக்கின்றன.