நாற்பதாம் நாள் மெழுகுதிரி: வாசகர் கேள்வி பதில்

(பிப்ரவரி 2, குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவை ஒட்டி வந்த கேள்விகள். அன்று கத்தோலிக்கக் கோயில்களில் மெழுகுதிரிகளை மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்து, ஏந்திப் பவனி போவது வழக்கம்)

கிறிஸ்துமஸிலிருந்து நாற்பதாம் நாள் மெழுகுதிரித் திருநாள் என்கிறார்கள். டிசம்பர் 25-க்கும் பிப்ரவரி 2-க்கும் இடையே 39 நாள்தானே வருகிறது?
- வாசகர், திருமங்கலம்

கழித்தால் 39, எண்ணினால் 40. பதினாறாம் நாள் காரியத்துக்கு நாம் எண்ணுகிற மாதிரி, முதல் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். டிசம்பரில் 7, ஜனவரியில் 31, பிப்ரவரியில் 2. இதே கணக்கில்தான் இயேசுவின் எட்டாம் நாள் விருத்தசேதனம் ஜனவரி 1-இல் விழுகிறது.

கிழக்கே இன்னொரு கணக்கும் உண்டு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் யாத்திரிகர், அங்கே திருக்காட்சி விழாவிலிருந்து (மூன்று ராஜாக்கள் திருநாள்) நாற்பதாம் நாளைக் கொண்டாடியதை எழுதி வைத்திருக்கிறார். ஜனவரி 6-லிருந்து எண்ணினால் பிப்ரவரி 14 வரும். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்தத் தேதியில்தான் கொண்டாடுகிறது.

எங்கள் அப்பத்தா இதைச் 'சுத்திகரத் திருநாள்' என்றுதான் சொல்லும். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழியாமல் கோயில் படி ஏறக் கூடாது என்றும் சொல்லும். சபைச் சட்டம் அப்படியா?
- வாசகி, உசிலம்பட்டி

அப்பத்தா சொன்ன பெயர் சரி. பழைய நாள்காட்டியில் 'தேவமாதாவின் சுத்திகரத் திருநாள்' என்றே இருந்தது. 1969-இல் வந்த புதிய திருவழிபாட்டு நாள்காட்டி அதை ஆண்டவருடைய விழாவாக மாற்றிவிட்டது.

தீட்டுக் கணக்கு யூதச் சட்டத்தில் இருந்து வருவது. லேவியர் 12-ஆம் அதிகாரப்படி ஆண் பிள்ளை பெற்றவளுக்கு 7 நாளும் 33 நாளும் சேர்த்து 40. பெண் பிள்ளை என்றால் இரட்டிப்பாக 80. நாள் முடிந்ததும் ஒரு வயது ஆட்டுக்குட்டி ஒன்றும் புறா ஒன்றும் கொண்டுவர வேண்டும். ஆட்டுக்கு வசதி இல்லாதவர் இரண்டு புறாவோடு முடித்துக்கொள்ளலாம். நற்செய்தி எழுதிய லூக்கா, மரியாவும் யோசேப்பும் கொடுத்ததைச் சொல்லும்போது ஆட்டைப் பற்றிப் பேசவே இல்லை, புறாக்களை மட்டும்தான் சொல்கிறார். அந்த வீட்டின் வரும்படி அந்த ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது.

மரியா அந்தச் சட்டத்துக்குப் பணிந்தார் என்பதால் அது நமக்கும் சட்டம் ஆகிவிடாது. பிள்ளை பெற்ற அந்த மணி நேரத்திலேயே ஒரு பெண் நன்றி சொல்லக் கோயிலுக்குள் வந்தால் அவள் மேல் எந்தப் பாவமும் இல்லை என்று பாப்பரசர் பெரிய கிரகோரியார் 601-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்துக்கு எழுதிய பதிலிலேயே இருக்கிறது. பிறகு பேறுகாலமான பெண்ணை வாசலில் எதிர்கொண்டு ஆசீர் கொடுத்து உள்ளே அழைத்து வரும் சடங்கு இருந்தது. அது நன்றிச் சடங்குதான். ஊர்த் தீட்டோடு கலந்து அதைத் தடையாக்கிவிட்டோம். இப்போது தாய்க்கான ஆசீர் ஞானஸ்நானச் சடங்கின் முடிவிலேயே வருகிறது. பச்சை உடம்புக்காரி ஓய்வில் இருக்கட்டும் என்று நாற்பது நாள் வீட்டில் வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. அதற்குக் கோயிலைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் குழு) இந்த வருடம் பவனிக்குத் தேன்மெழுகில் நாங்களே திரி ஊற்ற நினைக்கிறோம். அளவு, பக்குவம் சொல்லுங்கள்.
- வாசகர்கள், கருமாத்தூர்

முதலில் மெழுகைச் சோதித்து வாங்குங்கள். ஒரு துண்டைக் கிள்ளி விரல் சூட்டில் பிசைந்தால் தேன்மெழுகு குழைந்து தேன் வாசனை விடும். பாரஃபின் கலந்தது செதில் செதிலாக உதிரும்.

2 செ.மீ. விட்டம், 20 செ.மீ. உயரமுள்ள ஒரு திரிக்குச் சுமார் 60 கிராம் பிடிக்கும். பாத்திரத்தில் ஒட்டுவது போக, ஒரு கிலோவுக்கு 15 தேறும். பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதற்குள் சின்ன எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்க வேண்டும். இரும்புச் சட்டி மெழுகைக் கறுக்க வைக்கும். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். தப்பித் தவறிப் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, எரிகிற மெழுகு சிதறும். மூடி போட்டு அமர்த்துங்கள். 62 முதல் 65 டிகிரியில் உருகிவிடும். 85-ஐத் தாண்டினால் நிறம் மங்கும். 70, 75 டிகிரியில் ஊற்றுவது நல்லது.

பலரும் கோட்டை விடுவது திரிநூலில். குத்துவிளக்குக்குப் போடும் முறுக்குத் திரி இதற்கு ஆகாது. அது விறைத்து நின்று, நுனியில் கரி மொட்டு கட்டி, புகையைக் கக்கும். பின்னிய பருத்தி நூல் எரியும்போதே வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்கு வந்து தானாகச் சாம்பலாகும். நூலை முதலில் உருகிய மெழுகில் முக்கி, விறைப்பாக இழுத்துக் காயவிட்டு, பிறகு அச்சின் நடுவில் கட்டுங்கள். தேன்மெழுகு கெட்டி என்பதால் பாரஃபினுக்குப் போடுவதைவிடச் சற்றுத் தடித்த நூல் வேண்டும். மெலிந்த நூல் நடுவில் குழி தோண்டிக்கொண்டு உள்ளே போய், தன் மெழுகிலேயே மூழ்கி அணைந்துவிடும்.

தேன்மெழுகு அச்சில் ஒட்டும். துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு உள்ளே லேசாகத் துடைத்தால் போதும். ஆறும்போது மேலே பள்ளம் விழும், கொஞ்சம் மெழுகு மிச்சம் வைத்திருந்து நிரப்புங்கள். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் வெடிப்பு ஓடும். ஒரு ராத்திரி அச்சிலேயே கிடக்கட்டும்.

பவனிக்கு நான்கு அங்குல வட்ட அட்டை வெட்டி, நடுவில் கூட்டல் குறி போலக் கீறி, கீழிருந்து திரியைச் சொருகுங்கள். பிளாஸ்டிக் கப் வேண்டாம். பற்ற வைக்கும்போது எரிகிற திரி நிமிர்ந்தே இருக்க, எரியாத திரி சாய்ந்து வந்து தீ வாங்கிக்கொள்ள வேண்டும். எரிகிற திரியைச் சாய்த்தால், சுடரடியில் தேங்கிய மெழுகு முழுக்க அடுத்தவர் கையில்தான்.

அப்படித்தான் போன வருடம் என் சுங்குடிச் சேலையில் கொட்டியது. எப்படி எடுப்பது?
- வாசகி, அண்ணாநகர், மதுரை

வெந்நீர் விடாதீர்கள், சாயம் கலங்கும். மெழுகு இறுகட்டும். ஐஸ் கட்டியைப் பையில் போட்டு மேலே வைத்தால் சீக்கிரம் இறுகும். கரண்டி முனையால் சுரண்டி, மேலும் கீழும் பழுப்புத்தாள் வைத்து, குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். தாள் மெழுகைக் குடிக்கும், எண்ணெய்க் கறை வருவது நிற்கும்வரை தாளை மாற்றுங்கள். செய்தித்தாள் மையை விட்டுவிடும். கலர் திரியின் சாயம் மட்டும் போகாது, அதனால் பவனிக்கு வெள்ளைத் திரியே நல்லது.

கிறிஸ்துமஸ் குடிலை பிப்ரவரி 2 வரை பிரிக்கக் கூடாதாமே?
- வாசகர், மேலூர்

அது பழைய வழக்கம், கட்டாயம் அல்ல. இன்றைய நாள்காட்டிப்படி, பொங்கலுக்குச் சற்று முன் வரும் ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்துமஸ் காலம் முடிகிறது. நம் பக்கத்தில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீட்டில் குடில் அதற்குமேல் தாக்குப்பிடிக்காது. சுரூபங்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் ஈரத்துணி படவே கூடாது, உள்ளே ஈரம் ஏறிப் பெயின்ட் பொக்குளிக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

மறுநாள் தொண்டையில் இரண்டு திரிகளை வைப்பது எதற்கு?
- வாசகர், வாடிப்பட்டி

பிப்ரவரி 3 புனித பிளாசியார் நாள். தொண்டையில் மீன்முள் சிக்கிய சிறுவனை அந்த ஆயர் குணமாக்கினார் என்பது மரபுக் கதை. முந்தைய நாள் மந்திரித்த இரண்டு திரிகளைக் கத்தரி போலக் கழுத்தில் வைத்து, தொண்டை நோயிலிருந்து காக்க வேண்டுகிறார்கள். ஏற்றாமல் வைப்பதே வழக்கம், தலைமுடி பக்கத்தில் இருக்கிறதே!

மந்திரித்த திரி மிச்சத்தை என்ன செய்வது?
- வாசகி, சமயநல்லூர்

குப்பையில் போட வேண்டாம், ஏற்றி எரித்தே தீர்க்கலாம். ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள். இடி மின்னலுக்கும், உயிர் பிரியும் நேரத்தில் கட்டிலருகிலும் ஏற்றுவது பழைய வழக்கம். குழந்தையைக் கையில் வாங்கிய முதியவர் சிமியோன், 'இனி அமைதியாகப் போகலாம்' என்று பாடியது இந்த விழாவின் நற்செய்தியில்தான் வருகிறது. குருக்களும் கன்னியரும் தினமும் படுக்கப்போகும் முன் சொல்லும் செபத்தில் அந்தப் பாடல் உண்டு. பெட்டியில் வைக்கும்போது மட்டும் பீரோவின் மேல்தட்டைத் தவிருங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் ஓட்டு வீட்டு மேல்தட்டில் திரி வளைந்து கிடக்கும். கீழ்த்தட்டில், காகிதம் சுற்றி, படுக்கை வாட்டில் வையுங்கள்.