580 வோல்ட் எங்கே போனது? நிலைமின் ஹெட்போன் ஆம்ப் - கேள்வி பதில்

கேள்வி (சேலம் வாசகர்): ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் புரோ வகை நிலைமின் ஹெட்போனுக்கு ஆம்ப் கட்டி முடித்தேன். டயஃப்ரத்துக்கு (ஹெட்போனுக்குள் அதிரும் மெல்லிய ஃபிலிம்) மின்னூட்டம் தரும் பயாஸ் பின்னில், சாக்கெட்டில், 580 வோல்ட் இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் 395 தான் வருகிறது. பயாஸ் சர்க்யூட்டை இரண்டு முறை பிரித்துப் பார்த்துவிட்டேன், எல்லாப் பாகமும் சரி. வேறு எங்கே தேடுவது?

பதில்: எங்கேயும் தேட வேண்டாம், 395 என்றாலே பயாஸ் சரியாக இருக்கிறது என்றுதான் பொருள். பயாஸ் சப்ளைக்கும் பின்னுக்கும் நடுவே 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்குமே, அதைக் கணக்கில் சேருங்கள். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். பின்னில் மீட்டரை வைத்த கணமே இரண்டும் சேர்ந்து வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன: 580 × 10 ÷ 14.7, அதாவது 395 வோல்ட். ஹெட்போன் டயஃப்ரம் ஏறக்குறைய கரண்டே எடுக்காது என்பதால் அதற்கு முழு 580-ம் கிடைக்கிறது.

மீட்டர் காட்டும் எண்ணை 1.47-ஆல் பெருக்கிக்கொண்டால் போதும். ரெசிஸ்டருக்கு முன்பக்கம், சப்ளை கெப்பாசிட்டரிலேயே அளக்கலாம். ஆனால் அங்கே கை பட்டால் காப்பாற்ற அந்த 4.7 மெகாஓம் இருக்காது. மீட்டரில் 580 வர வேண்டும் என்று பயாஸை ஏற்றிவிடாதீர்கள். அப்படி ஏற்றினால் உண்மையில் 850 வோல்ட் போய்ச் சேரும், டயஃப்ரம் தன் இருபுறமும் நிற்கும் ஸ்டேட்டர் தகடுகளில் ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (கோவை வாசகர்): 1 கிலோஹெர்ட்ஸில் 400 வோல்ட் ஆர்எம்எஸ் சுத்தமான சைன் அலையாக வருகிறது. அதே அளவில் 15 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் ஆசிலோஸ்கோப்பில் முக்கோணமாகிவிடுகிறது. அவுட்புட் கரண்ட் ஒரு பக்கத்துக்கு 5 மில்லிஆம்பியர். ட்ரான்சிஸ்டர் மெதுவானதா?

பதில்: ட்ரான்சிஸ்டர் மேல் பழி போட வேண்டாம், கரண்ட் பற்றவில்லை. நிலைமின் ஹெட்போன் ஒரு கெப்பாசிட்டர். ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-009-க்கு கேபிளோடு சேர்த்து 110 பிகோஃபாரட். 10 கிலோஹெர்ட்ஸில் அது 145 கிலோஓம். அதிர்வெண் ஏற ஏற இறங்கிக்கொண்டே போகும். 400 வோல்ட் ஆர்எம்எஸ் என்றால் உச்சம் 566 வோல்ட். 15 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டரை நிரப்பிக் காலி செய்ய 5.9 மில்லிஆம்பியர் உச்சக் கரண்ட் வேண்டும். உங்களிடம் இருப்பது 5. கரண்ட் ஒரே அளவில் நின்றுவிட்டால் கெப்பாசிட்டரின் வோல்டேஜ் நேர்கோட்டில்தான் ஏறும், அதுதான் முக்கோணம். ஏறக்குறைய 13 கிலோஹெர்ட்ஸிலேயே வளையத் தொடங்கியிருக்கும். ஹீட்சிங்க்கும் உள் வயரிங்கும் சேர்க்கிற பிகோஃபாரட்டுகளை நான் இங்கே கூட்டவே இல்லை.

கரண்டை 12 மில்லிஆம்பியராக உயர்த்தினால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் போகும். ஆனால் ±450 வோல்ட் ரெயிலில் (சப்ளை வோல்டேஜில்) அது ஒரு பக்கத்துக்கு 10.8 வாட், நான்கு பக்கத்துக்கு (காதுக்கு இரண்டு ஸ்டேட்டர்) 43 வாட் சூடு. உங்கள் ஹீட்சிங்க் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். என்னைக் கேட்டால், இசையில் 15 கிலோஹெர்ட்ஸ் ஒருபோதும் 400 வோல்ட்டில் வராது. எஸ்ஆர்-009-க்கு 100 வோல்ட்டே 101 டெசிபெல். சின்ன ஹீட்சிங்க் என்றால் 8 மில்லிஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை எந்த ஸ்டேட்டரிலும் மாட்டாதீர்கள். இரண்டு 100 மடங்கு புரோப் எடுத்து, இரண்டு சேனலின் வித்தியாசத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): ஆறு மாதம் நன்றாக ஓடிய ஆம்பில் ஒரு ஸ்டேட்டர் மட்டும் திடீரென்று ரெயிலோடு ஒட்டிக்கொண்டது. ட்ரான்சிஸ்டர்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஃபீட்பேக் ரெசிஸ்டர் 470 கிலோஓம், கால் வாட், ரிச்சி தெருவில் வாங்கியது.

பதில்: குற்றவாளியைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். அந்த ரெசிஸ்டரின் மேல் உச்சத்தில் 400 வோல்ட் வருகிறது. வாட் கணக்கில் பார்த்தால் 0.17 தான், தப்பித்துவிடும். ஆனால் கால் வாட் ரெசிஸ்டர்களின் வோல்டேஜ் வரம்பு பொதுவாக 250. வாட் வேறு, வோல்டேஜ் வேறு என்பதைக் கடைக்காரரும் சொல்ல மாட்டார், கவரிலும் இருக்காது. வரம்பு மீறினால் மதிப்பு மெல்ல நகரும், ஒரு நாள் அறுந்துபோகும். அறுந்ததும் அவுட்புட்டை நடுவில் பிடித்து வைக்கும் டிசி ஃபீட்பேக் போய், அவுட்புட் ஒரு ரெயிலுக்கு ஓடிவிடும். கழற்றி அளந்தால் சில சமயம் சரியாகவே காட்டும். மீட்டர் கொடுப்பது ஓரிரண்டு வோல்ட்தானே.

150, 160, 160 கிலோஓம் என மூன்று அரை வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை வரிசையில் போடுங்கள். ஒவ்வொன்றின் மேலும் 140 வோல்ட்டுக்குள்தான் விழும். நான்கு பக்கமும் ஒரே நாளில் மாற்றுங்கள். மற்ற மூன்றும் அதே கவரில் வந்தவைதானே.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): மழைக்காலத்தில் இடப்பக்கம் மட்டும் ஒலி குறைகிறது. ஆம்பா, ஹெட்போனா?

பதில்: முதலில் ஆர்சிஏ கேபிள்களை இடம் வலமாக மாற்றுங்கள். குறை வலப்பக்கம் போனால் முன்னால் இருக்கும் கருவியைப் பாருங்கள். இடப்பக்கமே நின்றால், ஹெட்போனைக் கழற்றிவிட்டு 100 ஹெர்ட்ஸ் சைன் கொடுத்து, நான்கு ஸ்டேட்டர் பின்களிலும் எர்த்துக்கு எதிராக ஏசி அளவிடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், விலை குறைந்த மீட்டர்கள் அங்கே பொய் சொல்லும். நான்கும் சமம் என்றால் ஆம்ப் நிரபராதி. புரோ சாக்கெட்டில் இரண்டு காதுக்கும் பயாஸ் பின் ஒன்றுதான். பயாஸ் சப்ளை தளர்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைந்திருக்கும்.

மிஞ்சுவது ஹெட்போனுக்குள் ஈரம். டயஃப்ரத்தில் ஏறும் மின்னூட்டம் மிகச் சிறியது, ஈரமும் வியர்வை உப்பும் அதை வடித்துவிடும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள். தலைமுடி உலர்த்தி காட்டாதீர்கள். சில மைக்ரான் தடிமனுள்ள ஃபிலிம் தளர்ந்துவிடும். இரண்டு பக்கமும் குறைகிற வீடுகளில், பயாஸ் பகுதியைச் சுற்றி சால்டரிங் ஃப்ளக்ஸ் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, முழுதும் காய்ந்த பிறகே கரண்ட் கொடுங்கள்.

கேள்வி (திருச்சி வாசகர்): பயாஸ் 230 வோல்ட் உள்ள பழைய ஸ்டாக்ஸ் ஹெட்போனை 580 வோல்ட் புரோ சாக்கெட்டில் போடலாமா?

பதில்: கூடாது. அதன் பிளக்கில் ஆறு பின், புரோவில் ஐந்து, தானாக ஏறாது. அடாப்டர் செய்து ஏற்றாதீர்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): ±450 வோல்ட் ஆம்ப் தயார். முதல் முறை ஆன் செய்யப் பயமாக இருக்கிறது. வரிசையைச் சொல்லுங்கள்.

பதில்: ஆம்ப் போர்டைக் கழற்றிவிட்டு பவர் சப்ளையை மட்டும் எடுங்கள். 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு வழியாக மெயின்ஸ் கொடுங்கள். பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பிறகு பல்பை நீக்கி, ஒவ்வொரு ரெயிலிலும் 15 கிலோஓம், 25 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரை லோடாகக் கட்டி 30 மில்லிஆம்பியர் இழுத்துப் பாருங்கள்; வோல்டேஜ் அசையக் கூடாது. ஒவ்வொரு ரெயிலையும் எர்த்துக்கு எதிராகத் தனித்தனியாக அளவிடுங்கள். ரெயிலுக்கு ரெயில் அளந்தால் 900 வோல்ட், மீட்டர் வயருக்கு அது ஓரம். மூன்றாவது பின் எர்த் கட்டாயம் சேசிஸில் இருக்க வேண்டும். ஹம் வருகிறது என்று அதைக் கழற்றும் வழக்கம் இந்த ஆம்பில் உயிருக்கு உலை.

அணைத்த பிறகும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 450 வோல்ட்டில் 48 ஜூல் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாக 100 கிலோஓம், 5 வாட் பிளீடர் (மின்னூட்டத்தை மெல்ல வடிக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். அப்படியும் 50 வோல்ட்டுக்கு இறங்க நூறு விநாடிக்கு மேல் ஆகும். அவசரம் என்றால் 4.7 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் பிடித்து 15 விநாடி வைத்து, மீட்டரால் உறுதி செய்துவிட்டுத் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம்.

அடுத்து ஒரு சேனல் மட்டும், ஹெட்போன் இல்லாமல். ஹீட்சிங்க் இன்சுலேட்டராக அலுமினா செராமிக் போடுங்கள். மெல்லிய சிலிக்கோன் பேடில் ஒரு உலோகப் பிசிறு குத்தினாலே போதும், 450 வோல்ட் பாய்ந்துவிடும். மூடியை மூடி அரை மணி நேரம் ஓடிய பிறகு ஆஃப்செட்டை (சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட்டில் நிற்கும் வோல்டேஜை) பூஜ்யத்துக்குத் திருப்புங்கள்: முதலில் ஸ்டேட்டருக்கு ஸ்டேட்டர், பிறகு எர்த்துக்கு. குளிர்ந்த ஆம்பில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் சூடானதும் நகர்ந்துவிடும். சில வோல்ட் மிச்சம் இருந்தால் விட்டுவிடலாம். பத்துகளில் நின்று மேலும் கீழும் அலைந்தால் இன்புட் ஜோடி ட்ரான்சிஸ்டர்கள் பொருந்தவில்லை, அல்லது இரண்டும் வெவ்வேறு சூட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு அவுட்புட்டிலும் 5.1 கிலோஓம் தொடர் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாக ஹெட்போனை மாட்டுங்கள்.