கடலைக் கொல்லையில் மயில்: விதையில் குருணை கலக்கலாமா?

கேள்வி: ஐயா, விராலிமலைப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை, போர் பாசனம். ஊரில் மற்றவர்கள் ஆடி மழைக்குக் காத்திருக்க, நான் ஆனிக் கடைசியிலேயே கடலை விதைத்துவிட்டேன். முளைக்கும் நேரத்தில் மயில்கள் இறங்கிப் பாதியைக் கிளறித் தின்றுவிட்டன. மறுபடி விதைக்க வேண்டும். கடையில் ஒரு குருணை மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, விதையோடு கலக்கச் சொன்னார்கள். கிலோவுக்கு எவ்வளவு கலக்கலாம்? தேசியப் பறவை என்றால் அதற்குத் தீனி போடுவது என் தலையெழுத்தா? படம் இணைத்துள்ளேன்.

பதில்: ஒரு சிட்டிகைகூடக் கலக்காதீர்கள்.

மயில் தேசியப் பறவை ஆனது 1963இல். ஆனால் உங்களை உள்ளே தள்ளப்போவது அந்தப் பட்டம் இல்லை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன் முதல் பட்டியலில் யானை, புலியோடு மயிலும் இருக்கிறது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கொல்லையில் நாலு மயில் செத்துக் கிடந்தால் கடைக்காரரையா தேடி வருவார்கள்? பட்டாவில் யார் பேர் இருக்கிறதோ அவரைத்தான். மருந்து மயிலோடு நிற்பதும் இல்லை. உங்கள் வீட்டுக் கோழி, புறா, களை எடுக்க வருகிறவர் கூட்டிவரும் பிள்ளை என்று யார் கைக்கும் வாய்க்கும் போகும்.

அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, 'மயிலுக்கு' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதமாட்டார். பூச்சிமருந்தை லேபிள் இல்லாமல் பிரித்து விற்பதே குற்றம் என்று அவருக்குத் தெரியும். பெயர் தெரியாத குருணைக்குக் கிலோ கணக்கு என்னிடம் கேட்கிறீர்கள். விற்றவருக்கே தெரியாது என்பது என் அனுமானம்.

சரி, படத்துக்கு வருவோம். ஈர மண்ணில் மூன்று விரல் தடமும், காலால் பின்னுக்கு இழுத்துக் கிளறிய அகலமான பள்ளமும் மயில் வேலை, சந்தேகமில்லை. ஆனால் வலது ஓரத்தில் வரிசை பிடித்துத் தோண்டியிருக்கிறதே, பக்கத்தில் புதுமண் குவிந்த வளையோடு, அது எலி. ராத்திரி எலி தின்றதையும் காலையில் கண்ணில் பட்ட மயில் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: மயில் ஏன் உங்கள் கொல்லைக்கு மட்டும் வந்தது? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஊர் முழுக்கக் கட்டாந்தரையாகக் கிடக்கும்போது நீங்கள் ஒருவர் மட்டும் ஈர மண்ணில் பருப்பைப் புதைத்து வைத்தால், சுற்றுவட்டாரத்து மயிலுக்கெல்லாம் அங்கேதான் பந்தி. எத்தனையோ வருடமாக நான் தொண்டை கிழியச் சொல்வது இதுதான்: அக்கம்பக்கம் ஐந்தாறு பேர் பேசிவைத்து ஒரே வாரத்தில் விதையுங்கள். மயில் எண்ணிக்கை அதேதான், ஆனால் அது பத்து ஏக்கருக்குப் பரவிவிடும். யாருக்கும் பாதி போகாது. முளைத்து இலை விரிந்து, அந்தப் பருப்பு சுருங்கிவிட்டால் கிளறுவதும் குறைந்துவிடும். ஆக மொத்தம் உங்களுக்குச் சோதனை முதல் 15 நாள்தான். 'எனக்கு போர் இருக்கிறது, நான் ஏன் காத்திருக்க வேண்டும்' என்பீர்கள். காத்திருக்காததற்கு ஒரு முறை விதைக்காசு கொடுத்தாயிற்றே.

அந்த 15 நாளும் ஆள் வேண்டும். விடிவதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும், வெயில் ஏறியதும் வீட்டுக்கு வரலாம், சாயங்காலம் மறுபடி இருட்டும்வரை. இறங்கித் தின்ன ஆரம்பித்த மயிலை விரட்டினால் அந்தப் பக்கம் பறந்து இந்தப் பக்கம் வரும். இறங்குவதற்கு முன்னால் ஆளைப் பார்த்துவிட்டால் வேறு இடம் பார்க்கும். மயில் பறக்கும் என்றாலும் மேய்ச்சலுக்கு நடந்து வரத்தான் விரும்பும், அதனால் அது வரும் பக்கம் பழைய சேலையை இடுப்பு உயரத்துக்குக் கட்டுங்கள். மினுக்கும் ரிப்பன், வெடி எல்லாம் சில நாளில் பழகிவிடும், காசுக்குக் கேடு. மின்வேலி என்ற பேச்சே வேண்டாம், அதில் மனுசன்தான் முதலில் சாவான்.

தலையெழுத்தா என்று கேட்டீர்கள். முருகன் வாகனம், விரட்டினால் பாவம் என்று சொல்வோரும் உங்கள் ஊரில் இருப்பார்கள். விரட்டுவதில் பாவம் இல்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை எல்லோரும் மேடையில் சொல்வார்கள். அவன் காலத்தில் நிலக்கடலை இந்த நாட்டுக்கே வரவில்லை. மயில் புழுவும் வெட்டுக்கிளியும் தின்னும், உண்மை. அதற்காக விதைப்பு நேரத்தில் அது உழவனின் நண்பன் என்று நான் சொல்லமாட்டேன். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் படத்தோடு மனு கொடுங்கள், சேதம் எழுத்தில் பதிவாகட்டும்.

கடைசியாக, உங்கள் தெற்கு வரப்பில் புதராக நிற்கும் சீமைக்கருவேல். மயிலுக்கு அதுதான் ஒளிவிடம், எலிக்கும் அதுதான். வெட்டிவிடுங்கள். ஆனால் அரிவாள் எடுக்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள். மயில் தரையில்தான் முட்டையிடும். முட்டை இருந்தால் அந்த ஒரு புதரை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். அடை 28 நாள். குஞ்சு இறங்கிப் போனபிறகு அதையும் வெட்டிக்கொள்ளலாம்.