ஜூமா ஆட்டத்தில் கை வேகம் போதவில்லையா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு, வீட்டிலுள்ள பழைய கணினியில் மாலை வேளைகளில் ஜூமா ஆடுகிறேன்; தவளை ஒன்றின் வாயிலிருந்து வண்ணப் பந்துகளைச் சுட்டு, ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்து வெடிக்கவைத்து, உருண்டு வரும் பந்து வரிசை பாதையின் முடிவிலுள்ள மண்டையோட்டை எட்டுமுன் ஒழிக்கும் ஆட்டம் அது. தொடக்கக் கட்டங்களைக் கடந்துவிடுகிறேன். அதன்பின், உருண்டு வரும் பந்து வரிசை மண்டையோட்டை நெருங்கியதும் பதறிப்போய்க் கண்டபடி சுட்டுத் தோற்கிறேன். 63 வயதில் கை வேகம் குறைந்ததுதான் காரணமா? விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: விட வேண்டாம். தொடக்கக் கட்டங்களைக் கடக்கும் கைக்கு அடுத்தவற்றுக்கு வேண்டிய வேகமும் ஓரளவு இருக்கும். பாப்கேப் நிறுவனம் 2003-இல் ஜூமாவை வெளியிடுவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, ஜப்பானின் மிட்செல் நிறுவனம் ‘பஸ் லூப்’ என்ற பெயரில் இதே அமைப்புள்ள ஆட்டத்தைக் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்காக உருவாக்கியிருந்தது. அந்த வம்சத்தில் வந்த ஆட்டம் ஆடுபவரைப் பதறவைப்பதில் வியப்பில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது, வரிசையை நகர்த்தும் விசை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். பந்துகள் நுழையும் வாயிலிலிருந்து, அதாவது வால்பக்கத்திலிருந்து, தள்ளப்பட்டுத்தான் முன்னே உள்ளவை நகர்கின்றன. ஆகவே வாயிலுக்கு அருகே ஒரே நிறப் பந்துகள் மூன்றை வெடிக்கச் செய்து இடைவெளி உண்டாக்கினால், அதற்கு முன்னால் உள்ள பகுதி முழுவதும், பின்பகுதி வந்து முட்டும்வரை, தள்ளுவாரின்றி நின்றுவிடும். மண்டையோட்டின் வாயருகே ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருப்பதைவிட இது பல நேரங்களில் அதிக அவகாசம் தரும்.

இடைவெளியின் இரு ஓரங்களிலும் ஒரே நிறம் இருந்தால் இன்னும் நல்லது. முன்பகுதி தானாகவே பின்னோக்கி ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டியவை மூன்றோ அதற்கு மேலோ ஆனால் அவையும் வெடிக்கும். எடுத்துக்காட்டாக, இரண்டு சிவப்புப் பந்துகளுக்கு ஒருபுறம் ஒரு பச்சையும் மறுபுறம் இரண்டு பச்சையும் நின்றால், நீங்கள் சுடும் ஒரே சிவப்பு வரிசையிலிருந்து ஐந்து பந்துகளை நீக்கிவிடும். எனவே சுடப்போகும் நிறத்தை மட்டும் தேடாமல், அதன் இருபுறமும் நிற்பவற்றையும் பார்த்துப் பழகுங்கள்.

பதற்றத்தில் சுடும் ஒவ்வொரு பொருந்தாத பந்தும் வரிசையை நீட்டிக்கவே செய்கிறது. தவளையின் வாயிலுள்ள பந்து எங்கும் பொருந்தாவிட்டால், மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, அதன் முதுகில் தெரியும் அடுத்த பந்துடன் மாற்றிக்கொள்ளலாம். இரண்டுமே உதவாதபோது, வரிசை இல்லாத திசை பார்த்துத் திரைக்கு வெளியே சுட்டுவிடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

திரையின் மேற்பகுதியில், ஆட ஆட நிரம்பிவரும் பட்டை முழுதாகும்வரை புதிய பந்துகள் வந்துகொண்டே இருப்பதால், ஒரு நிறத்தை ஒழித்துக்கட்ட முயல்வது வீண் வேலை. பட்டை நிரம்பிய பிறகோ நிலைமை தலைகீழாகிறது: வரவு நின்றுவிடுகிறது, வரிசையில் இல்லாத நிறம் தவளையின் வாய்க்கும் வருவதில்லை. அப்போது எண்ணிக்கையில் குறைந்த நிறத்தை முதலில் முடித்தால், மிச்ச ஆட்டம் தானே எளிதாகும்.

இடையிடையே தோன்றும் நாணயங்களுக்கு ஆசைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தலைப்பந்து பாதி வழியைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள். பின்னோக்கி நகர்த்தும் குறியுள்ள பந்து கண்ணில் பட்டால் மட்டும் காத்திருக்காமல் அதை உடனே வெடிக்கச் செய்யுங்கள், ஏனெனில் அந்தக் குறி சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.